பட்டுடுத்திப் போன பிக்னிக்

சித்திக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில்தான் எங்கள் சிட்னி வீட்டின் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் வெளியே வந்தன. இரண்டு வீட்டார் வந்தார்கள். இரண்டு வீட்டாரும் அம்மாவின் ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு, இனி ஒருவருக்கும் தேத்தண்ணித் தட்டு ஏந்த மாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டார். அம்மா அழுது கெஞ்சியதில் கடைசியாக ஒரு தடவைக்கு இறங்கி வந்தார். ஆனால் வீட்டில் இல்லை, பூங்காவில். தற்செயலாகச் சந்தித்த மாதிரி, சாதாரண உடுப்பில். இதுவும் சரிவராவிட்டால் வீட்டில் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாப்பிள்ளை வீட்டாரும் தொலைபேசியில் ஒத்துக்கொண்டார்கள். எட்டு வயதான எனக்கு மட்டும், பிக்னிக் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் மனவுறுதி உடைந்தது.

"சும்மா பாக்கத்தான் போறம். அதுக்காக ஒண்டுமில்லாத ஆக்கள் மாதிரியே போறது?"

சித்தி எடுத்து வைத்திருந்த பருத்திச் சட்டை அலுமாரிக்குள் போனது. மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலையும், கழுத்துக்கு அட்டியலும் வந்தன. சித்திக்கு அப்படிச் செய்தபின் எங்களை மட்டும் விடுவாரா? எனக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறைய முற்றத்து மல்லிகை. சிட்னியின் தை மாதக் கோடை வெயிலில் அப்பாவுக்குக் கழுத்துப்பட்டி. சித்தி வழி முழுவதும் கார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

குவேக்கர்ஸ் ஹில்லுக்குக் கிட்ட, வாத்துகள் நீந்தும் ஒரு ஏரிக்கரை. சுற்றியிருந்த ஆண்களில் பாதிப்பேருக்கு மேற்சட்டையே இல்லை. அப்பா கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் பூங்கா அடுப்பில் கோழிக்கால்களைச் சுடத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, தற்செயலாக, பக்கத்து மேசைக்கு ஒரு அங்கிளும் அவருடைய அக்காவும் வந்தார்கள். அங்கிள் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். அக்காவின் சேலையில் சரிகைக்கு இடையில் கொஞ்சம் துணியும் இருந்தது. நீங்களும் இங்கேயா என்று அம்மா வியந்த வியப்பை நான் முழுதாக நம்பினேன். எங்களைப் போலவே வடிவாக உடுத்துப் பிக்னிக் வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சித்தி வாத்துகளைப் பார்த்தார். அங்கிள் தன் சப்பாத்துகளைப் பார்த்தார். கறைபட்டுவிடும் என்ற பயத்தில் ஒருவரும் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த நேரத்தில் நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களைக் கண்டு நின்று, கல்யாண வாழ்த்துச் சொன்னார். பெண் யார், மாப்பிள்ளை யார் என்றும் கேட்டார்.

அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "நோ, நோ. ஒன்லி பிக்னிக்."

அந்தப் பெண்மணி அப்பாவின் கழுத்துப்பட்டியையும் சித்தியின் அட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியானால் கல்யாணத்துக்கு என்னதான் உடுத்துவீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் சித்திதான் சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அம்மா மேசைக்குக் கீழே தொடையில் கிள்ளியதும் பலிக்கவில்லை. பிறகு அங்கிளும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. சித்தி எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கருகத் தொடங்கிய கோழிக்கால்களை அப்பாவிடமிருந்து பொறுப்பேற்றார். அக்கா முறைக்க முறைக்க அங்கிள் கோட்டைக் கழற்றி மரக்கிளையில் தொங்கவிட்டார். சோஸ் போத்தலை அவர் திறந்த வேகத்தில் சோஸ் அவருடைய வெள்ளைச் சட்டை முழுவதும் தெறித்தது. சித்தி மறுபடியும் சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு துளி கறைபட்டாலும் தோலை உரிப்பேன் என்று காலையில் அம்மா சொல்லியிருந்தார். தவிரவும், பெரியவர்கள் முன்னால் இப்படிச் சிரித்தால் சித்திக்குப் பேச்சு விழும் என்பதும் எனக்குத் தெரியும்.

அங்கிள் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சித்தி எப்பவும் இப்பிடித்தான் சிரிக்கிறவவோ?"

சித்தி வீட்டிலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்று பொய் சொல்வோமா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மைதான் வாயில் வந்தது.

"இல்லை. வீட்டில சிரிக்கிறேல்லை. இண்டைக்குத்தான்."

அவர் கொஞ்ச நேரம் சித்தி நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டில் இருந்த பெரிய கோழிக்காலை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். சித்தியைப் பற்றிக் கோள் சொன்னதற்குக் கிடைத்த கூலி அது என்றே நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.