ஸ்ரில் என்றால் இன்னும்

ரொறன்ரோவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி தனியாக இருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்தத் தெருவில் தமிழ்க் குடும்பம் என்றால் நாங்கள்தான். அம்மாவும் அவரும் ஸ்பாடினா தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் வேலை செய்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன்.

அன்ரியின் கைப்பைக்குள் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். ஆங்கிலச் சொல், அதன் கீழே சீனத்தில் விளக்கம், பிறகு ஆங்கிலத்தில் ஓர் உதாரண வசனம். சனிக்கிழமைகளில் எங்கள் குசினி மேசையில் அதை விரித்து அவர் வாசிப்பார். நான் உச்சரிப்பைத் திருத்துவேன். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் என்னைத் திருத்தாத ஆளில்லை. திருத்துவதற்கு எனக்கும் ஒரு ஆள் கிடைத்ததில் தலைகால் தெரியாத பெருமை.

சீன எழுத்து எனக்கு விளங்காது. உதாரண வசனத்தை வைத்துக் கருத்தைப் பிடித்து, அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். ‘அவள் ஸ்ரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள்’ என்று ஒரு வசனம் வந்தது.

“ஸ்ரில் எண்டால் இன்னும், அம்மா.”

அம்மா பிள்ளைத்தாச்சி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “ஸ்ரில், ஸ்ரில்” என்று சொல்லிப் பார்த்தார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாள் வருவதற்கு முன்பே அம்மாவுக்கு வலி கண்டது. அப்பா வேலையில் நின்றார். அன்ரிதான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவை உள்ளே எடுத்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் வெளியே வாங்கில் இருந்தோம்.

வெகுநேரம் கழித்து ஒரு நேர்ஸ் வந்து அன்ரியின் பக்கத்தில் குனிந்து மெதுவாகப் பேசினார். அன்ரிக்கு விளங்கவில்லை. எழுதித் தரும்படி சைகை காட்டினார். நேர்ஸ் கடதாசித் துண்டில் ஒரேயொரு சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்ரியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அன்ரி புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டத் தொடங்கினார்.

எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எட்டிப் பார்த்தேன். ஸ்ரில்போர்ன். ஸ்ரில் தெரியும். போர்ன் என்றால் பிறந்தது. அவ்வளவுதானே!

அந்த நேரம் பார்த்து அப்பா வேலைச் சப்பாத்தோடு, பனி ஒட்டிய ஜாக்கெட்டோடு ஓடி வந்தார். அன்ரி புத்தகத்தில் ஒரு சொல்லில் விரலை வைத்தபடி என் சட்டையைப் பிடித்தார். நான் உதறிக்கொண்டு ஓடினேன்.

“அப்பா, பிறந்திட்டுது! நேர்ஸ் எழுதியே தந்திட்டா!”

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் வளர்ந்த பிறகு அதுவரை அவர் என்னைத் தூக்கியதே இல்லை. “தம்பியோ, தங்கச்சியோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குத் தெரியாது. அன்ரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கடதாசியை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா ஊரில் இங்கிலிசில் படித்தவர். வாசித்தார். பிறகு என்னை மெல்ல இறக்கிவிட்டு, கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் சரியாகச் சொன்னதை அன்ரிதான் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். “உங்கட புத்தகம் பிழை” என்று அன்ரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஓம். புத்தகம் பிழை” என்று அவரும் ஆங்கிலத்திலேயே சொல்லி என்னை இறுக அணைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருடைய உச்சரிப்பில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளை சாமியிடம் போய்விட்டது என்று அப்பா பின்னேரம் சொன்னார். திரும்பி வரும் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தார். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பிள்ளை இல்லாவிட்டாலும் தாய்க்குப் பால் சுரக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. துவாயை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“தண்ணி குடிக்கேக்கை ஊத்திப்போட்டீங்களோ அம்மா?”

அம்மா துவாயை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளை. கைதவறி ஊத்திப்போட்டுது.”

இனிமேல் கவனமாகக் குடிக்கவேண்டும் என்று அம்மாவுக்குப் புத்தி சொல்லிவிட்டு, நான் விளையாடப் போனேன்.