கேப்டன் விசிலில் வலைநூல்

எனக்கு எழுபத்துநாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். என் வீட்டுக்காரரையும் சேர்த்தால் ஆறு.

அவர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். வீட்டில் வாயே திறக்கமாட்டார். பேசவேண்டியதை எல்லாம் கடலிலிருந்து விசிலில் ஊதிவிடுவார். பித்தளைக் குழாயை அறுத்து, வலைநூல் சுற்றி அவரே செய்த விசில். நீட்டி ஊதினால் மீன் இருக்கிறது, கூடையோடு வா. விட்டுவிட்டு ஊதினால் ஒன்றுமில்லை, கஞ்சி வை. அவர் போனபிறகு என் அறிவாளிப் பிள்ளைகள் படகைப் பிரித்து விற்றபோது விசிலையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். போட்டோ ஒன்று இருக்கிறது, அதிலும் முறைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அடியில் கரகரக்கும் அந்தச் சத்தம்தான் அவர் குரல்.

போன மாதம் ஓட்டைக் குடத்தைப் போட சாத்தாங்காட்டில் பழைய சாமான் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளை விசில், பட்டுத்துணிமேல் மாப்பிள்ளைபோலப் படுத்திருந்தது.

“வெள்ளக்காரன் கப்பல் கேப்டன் வச்சிருந்தது ஆயா, தொடாத,” என்றார் கடைக்காரர்.

“நைலான் நூலு சுத்தி கீதே நைனா. உன் கேப்டன் வலை பின்னியா பொழச்சான்?”

வாய்வைக்கும் இடத்தில் வலைநூல் சுற்றியிருந்தது. ஆனால் அதை வைத்து மட்டும் அவருடையது என்று சொல்லமுடியுமா? எங்கள் குப்பத்தில் பாதிப்பேர் அதே குழாயில், அதே நூலில் செய்தவர்கள்தான். ஊதச் சொன்னேன். வாலை மிதித்த பூனைபோலக் கீச்சென்றது.

“இது அவுருது இல்ல.”

“நான் இன்னா சொன்னேன்? கேப்டன்து!”

வாசல்வரை வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. படகு விசிலைக் கரையில் ஊதக்கூடாது, காற்று கோபித்துக்கொள்ளும் என்பது எங்கள் வழக்கம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அதைப் பக்கத்தில் நான் கேட்டதே இல்லை.

“தில்லு இருந்தா கடலாண்ட வந்து ஊது நைனா!”

கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், என்னைத் தோற்கடிக்க ஆட்டோ பிடித்தே வந்தார். கடலுக்குள் நீளும் பாறைக்கரையில் தொப்பையைத் தூக்கிக்கொண்டு, கேப்டனுக்கே உரிய கம்பீரத்தோடு நாலுகாலில் தவழ்ந்துபோய் நுனியில் நின்றார். நான் மணலில் நின்றேன். நீட்டி ஊதினார்.

அலைக்குமேல் தேய்ந்து தேய்ந்து, அடியில் அந்தக் கரகரப்போடு வந்தது. என் கை தானாகப் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகியது. பார்த்தால் முழங்கால்வரை தண்ணீரில் நிற்கிறேன். கூடைதான் இல்லை.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா ஆயா, கேப்டன்துதானே?” குரல் இறங்கியிருந்தது.

“கேப்டன்துதான். எங்க வூட்டு கேப்டன்து.”

விசிலை என் கையில் வைத்தார். ஓட்டைக் குடத்தை அவரே வைத்துக்கொண்டார். எந்த மகாராணி தண்ணீர் மொண்ட குடம் என்று அது இப்போது பட்டுத்துணியில் படுத்திருக்கிறதோ!

பேத்தி, இந்தா, எழுத்துக்கூட்டி நானே எழுதினது. படித்துக்காட்டு. இவ்வளவு கிட்டே வேண்டாம், அந்த வாசல்படியாண்ட நின்று படி.