அட்டைப்படங்களும் வராத வெள்ளமும்

என் மனைவியின் அண்ணனுடைய சிடி அட்டைகளை எல்லாம் நான்தான் குப்பையில் போட்டேன். போட்டதோடு நிற்கவில்லை. வெள்ளத்தில் போய்விட்டதாக அவரிடமே பொய்யும் சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து, பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான்.

மச்சான் கல்யாணம் செய்துகொள்ளாதவர். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், சம்பள நாளன்று ஒரு பழைய பாட்டு சிடியாவது வாங்காமல் ஊர் திரும்பும் எல்லைப் பாலத்தைத் தாண்டமாட்டார். ஓய்வு பெற்றபின் சிகாமட்டில் ஆற்றோரம் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டதும், எங்கள் வீட்டுக்கே அழைத்துவருவதென்று முடிவானது. மனைவி ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குத் துணையாக இருந்தாள். வீட்டைக் காலி செய்யும் வேலை எனக்கு. அலமாரி நிறைய இருந்த பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கு அலுப்புத் தட்டியது. சிடிகளை மட்டும் உருவி, உறைகள் தைத்த ஜிப் பை ஒன்றில் செருகினேன். பெட்டிகளையும் அட்டைகளையும் கறுப்புப் பைகளில் கட்டித் தெருமுனையில் வைத்தேன். பாட்டு சிடியில்தானே இருக்கிறது, அட்டை வெறும் காகிதம்தானே என்று நினைத்தேன்.

பக்கவாதம் அவருடைய எழுத்தறிவையும் கொண்டுபோயிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தமிழ், மலாய், ஆங்கிலம் எதையும் அவரால் வாசிக்க முடியவில்லை. படம் பார்த்தால் மட்டும் அடையாளம் தெரியும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இடக்கையால் அந்தப் பையைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் பெயர் மட்டும் அச்சிட்ட, ஒரே மாதிரி வெள்ளி வட்டங்கள்.

“அட்டை எங்க, மாப்ள?”

அப்போதே சொல்லியிருக்கலாம். சிகாமட்டில் ஒரு பொருளைக் காணோம் என்றால், வெள்ளத்தில் போய்விட்டது என்று சொன்னால் போதும். யாரும் மேலே கேட்கமாட்டார்கள். என் வாயிலும் அதுதான் வந்தது.

“போன வருஷ வெள்ளத்துல உங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சே, மச்சான். ஞாபகம் இல்லையா?”

உண்மையில் அந்த வெள்ளம் அவர் வீட்டு வாசல் சாக்கடைவரை வந்து வடிந்துபோனது. அவர் பையை மூடினார். பிறகு “ஆமா, ஆமா” என்றார். அந்த இரண்டாவது ‘ஆமா’வில் குரல் இறங்கிவிட்டது.

அதன்பிறகு அவர் தம்மையே நம்புவதை விட்டார். பயிற்சி கொடுக்க வரும் தாதி குடை, கோப்பை, மாம்பழம் என்று படங்களைப் பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்வாள். முதலில் சரியாகத் தொட்டவர், இப்போது அந்தப் படங்களையே தள்ளிவிட்டார். தாம் குளித்தாகிவிட்டதா என்று தங்கையிடம் கேட்பார். ஆனால் வெள்ளத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைக்கூட மறந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ள அவருக்கு வெட்கம். ஒருநாள் மதியச் செய்தியில் எங்கோ வெள்ளக் காட்சி காட்டினார்கள். மச்சான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், மூழ்கிய வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தம் வீட்டைத் தேடுகிறார் என்று புரிந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நேரே போய் உண்மையைச் சொல்லத் துணிவில்லை. முதலில் அட்டைகளைச் செய்து கொடுப்போம் என்று தொடங்கினேன். பழைய சிடி விற்பவர்கள் இணையத்தில் போட்டிருந்த படங்களில் பாதிக்கு மேற்பட்ட அட்டைகள் கிடைத்தன. வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தது. காகிதம்தான் பிடிபடவில்லை. சாதாரண எண்பது கிராம் தாளில் மை ஊறி, தாள் அலையலையாய் நெளிந்தது. முகங்கள் எல்லாம் சோகை பிடித்த மாதிரி வெளுத்துத் தெரிந்தன. விலை மலிவென்று பெயர் தெரியாத பளபளப்புத் தாள் வாங்கினேன். மறுநாளும் மை காயாமல் விரலோடு வந்தது. நல்ல புகைப்படத் தாளில் படம் அருமையாக விழுந்தது. ஆனால் மடித்த இடத்தில் வெள்ளையாக வெடித்தது. பெட்டியின் பற்களுக்குள் நுழைய மறுத்தது. அதைவிட, விளக்கு வெளிச்சம் பட்டு அது மின்னியதில் மச்சானுக்குப் படமே தெரியவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

போட்டோஸ்டாட் கடை பாய்தான் வழிகாட்டினார். நான் நான்காம் முறை போனபோது அவர் சிரித்தார்.

“சார், கல்யாண ஆல்பமா போடுறீங்க? மேட் பேப்பர் எடுங்க லா. பளபளப்பு இல்ல, ஆனா கலர் நிக்கும். வெலையும் பாதிதான்.”

நூற்றிருபது கிராம் மேட் தாள். இங்க்ஜெட்டுக்கென்றே ஒரு பக்கம் பூச்சுப் பூசியது. பிரிண்டரிலும் தாள் வகையை மாற்றிவைக்க வேண்டும், மறந்தால் நிறம் மங்கும் என்று பாய் சொல்லியனுப்பினார். முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு அளவு பார்த்துக்கொண்டேன். ஒரு ஏ4 தாளில் இரண்டு முகப்புப் படங்களை அடக்கினேன். மை தீர்ந்த பேனா முனையால் கோடு கீறி மடித்தேன். காலிப் பெட்டிகளைப் பாயே எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் பன்னிரண்டைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். மச்சான் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். ஐந்தாவதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு அவர் முகம் குழம்பியது.

“இது தண்ணில போச்சுன்னீங்களே?”

இன்னொரு பொய்க்கும் அங்கே இடம் இருந்தது. தேடிப் பிடித்து வாங்கினேன் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புப் பைகள், தெருமுனை, சாக்கடையோடு திரும்பிய தண்ணீர். மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

“அப்ப தண்ணி வரல.”

“வரல, மச்சான்.”

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பித் தங்கையை அழைத்தார். “பாப்பா, எனக்கு மறக்கல. தண்ணி வரவே இல்ல. எனக்கு ஒன்னும் மறக்கல.” சொல்லும்போதே அழுதார். என் மனைவி கை ஈரத்தோடு வந்து நின்று முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னை.

மிச்ச அட்டைகளையும் அடித்துக் கொடுத்துவிட்டேன். படம் கிடைக்காதவற்றுக்கு, பாட்டைக் கேட்டுவிட்டு அவரே வெற்று மேட் தாளில் இடக்கையால் ஏதாவது வரைகிறார். அந்தத் தாளில் பேனாவும் எழுதும். ஒன்றில் சிவப்பாக ஒரு வட்டம், இன்னொன்றில் பொம்பளையோ தென்னை மரமோ. அவருக்கு அடையாளம் தெரிகிறது, அது போதும். தாதியின் படங்களையும் இப்போது தள்ளிவிடுவதில்லை. என்னோடு கோபமும் இல்லை. பேசுகிறார், சிரிக்கிறார், நிறம் தப்பாக விழுந்த அட்டையை என்னிடம் நீட்டி மறுபடி அடிக்கச் சொல்கிறார்.

ஆனால் காலையில் மாத்திரையை நான் நீட்டி, இது இன்றைக்குரியதுதான் மச்சான் என்றால், வாங்கி உள்ளங்கையிலேயே வைத்துக்கொள்கிறார். என் மனைவி வந்து பார்த்து, ஆமாம் என்று தலையசைத்த பிறகுதான் விழுங்குகிறார்.