துடைக்காத குங்குமம்

நான் ஏற வேண்டிய பேருந்து இன்னும் வரவில்லை. சங்கராபுரம் சாலையோரம் ஒரு டெம்போ பஞ்சராகி நிற்கிறது. அதில் களைக்கொத்தோடு உட்கார்ந்த பெண்ணின் மரச்சிலை. சென்னைக் கண்காட்சிக்குப் போகிறது. செதுக்கிய சிற்பி மல்லிகா டீக்கடைக்குப் போன நேரத்தில், அம்மன் என்று நினைத்து மூன்று பெண்கள் கும்பிட்டுக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

“இன்னா சார், பாத்துக்கினு சும்மாவா இருந்தீங்க?” திரும்பி வந்த மல்லிகா என்னைக் கேட்கிறார்.

“அவங்க மூணு பேரும்மா, நான் ஒருத்தன்! சீக்கிரம் துடைங்க. கண்காட்சியில வேணாம்னு சொல்லிடப் போறாங்க.”

ஈரத்துணியைச் சிலையின் நெற்றி வரை கொண்டுபோனவர் அப்படியே நிற்கிறார்.

“இது எங்கம்மா சார். அப்பா போனதுலேருந்து வெறும் நெத்தியாதான் கீறாங்க.”

பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு ஓட்டுநரைக் கூப்பிடுகிறார்.

“கயிறு நெத்தியில படாம கட்டுங்கண்ணா.”