காப்பு கட்டிய பிறகு வண்டி வருமா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அலுவலக மீட்டிங்கில் அன்றும் வந்தது. மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டு மாடியில், நெட் கிடைக்கிற ஒரே மூலையில் உட்கார்ந்து நான் கத்தியது கீழே கட்டிலில் படுத்திருந்த அத்தைக்கே கேட்டிருக்கும். மாமா போன பிறகு அத்தை எங்களோடுதான் இருக்கிறார்.

விஷயம் இதுதான். ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று இப்போது எல்லா வேலைக்கும் வந்துவிட்டது. நாம் வாயால் சொல்லும் விதியை அது நிபந்தனையாக எழுதிக்கொள்ளும். எழுதியதை அப்படியே கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் வம்பு. கோப்புகளையே அழிக்கும் கட்டளைகூட அதற்குள் ஒளிந்திருக்கலாம். அதனால் அந்த நிபந்தனையைச் சோதிக்க நான் ஒரு கருவி எழுதினேன். கூட்டல் கழித்தல், பெரிதா சிறிதா, ஆமாவா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மற்ற கட்டளையெல்லாம் அதனிடம் பலிக்காது. தெரியாத சொல் வந்தால் நின்றுவிட்டு, மனிதரைக் கேட்கச் சொல்லும்.

அந்தக் கடைசி சங்கதியில்தான் சண்டை. “கருவி கேள்வி கேட்டால் வாடிக்கையாளருக்கு எரிச்சல். தெரியாத சொல் வந்தால் ‘இல்லை’ என்று சொல்லட்டும், அதுதான் பாதுகாப்பு” என்றார் மேலாளர். அந்த வாரத்துக்குள் மாற்றச் சொன்னார். பாதுகாப்பாம்! யாருக்குப் பாதுகாப்பு?

சோதனைக்காக அதையும் ஒரு ஏஜென்டையும் எங்கள் ஊர் வேனுக்குப் போட்டிருந்தேன். போனில் பேசினால் வண்டி வருமா, வராதா என்று சொல்லிவிடும். டிரைவருக்கு ஏக குஷி. “சொந்தக்காரங்ககிட்ட முடியாதுன்னு சொல்லி நான்தானுங்கக்கா கெட்ட பேரு வாங்குனேன். இனி போன் வாங்கட்டும்!” என்று சிரிப்பான்.

கோயில் நோம்பி, ஊர்த் திருவிழா வந்தது. டிரைவரும் மணிக்கட்டில் காப்பாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டான். கட்டிய கையோடு போனில் விதி சொன்னான்: “காப்பு அவுக்கற வரைக்கும் வண்டி ஊரெல்லை தாண்டாது.” ஏஜென்ட் அதைப் பத்திரமாக எழுதிக்கொண்டது.

அத்தைக்கு வாரத்தில் இரண்டு நாள் ராசிபுரத்தில் டயாலிசிஸ். ஒருமுறை தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். பஸ்ஸில் அத்தனை வளைவு இறங்க அவரால் ஆகாது. மறுநாள் காலை பையோடு வாசலில் நின்று போனில் வண்டி கேட்டார்.

“காப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதரைக் கேளுங்கள்” என்றது போன்.

பல் விளக்கிக்கொண்டிருந்த நான் ஓடிவந்தேன். அத்தை பையைக் கீழே வைத்துவிட்டார். “டிரைவருக்கு என்ன சங்கடமோ. வேண்டாம் கண்ணு, அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

“உங்க காலப் பாருங்கத்தை! அதுதான் கேக்கச் சொல்லுதில்ல, கேளுங்க!” என்று டிரைவர் நம்பரை அழுத்தி அவர் கையில் திணித்தேன்.

“சாமி... இன்னிக்கு ஆஸ்பத்திரி நாளு. முடியலீன்னா பரவால்ல சாமி...” என்றார் அத்தை.

“அட, என்னுங்க நீங்க!” டிரைவர் பதறியது எனக்கே கேட்டது. “பொழுது சாயறதுக்குள்ள ஊடு திரும்பிட்டா எல்லை தாண்டுன கணக்கே இல்லீங்களே! நம்மூர்ல யாருக்கு அது தெரியாதுன்னுதான் போன்ல சொல்லாம உட்டேன். உங்கள உட்டுப்போட்டு யாருக்குங்க நோம்பி? இதா வாரேன்.”

நானும் கூடவே ஏறிக்கொண்டேன். மலையிறங்கி முள்ளுக்குறிச்சி தாண்டும் வரை போனில் மேலாளருக்குப் பதில் எழுதினேன். காரசாரமான வாதம், பத்தி பத்தியாக. அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

“வண்டி வராதுன்னு போனு சொல்லியிருந்தா, உங்கிட்டக்கூடச் சொல்லாம உள்ள போயிப் படுத்திருப்பேன் கண்ணு. எனக்கு யாருகிட்டயும் எதுவும் கேக்க வாய் வராது. அது கேக்கச் சொல்லுச்சு, அதான் கேட்டேன்.”

எழுதியதையெல்லாம் அழித்தேன். அத்தை சொன்னதை மட்டும், சொன்னபடியே மேலாளருக்கு அனுப்பினேன்.