சந்தியில் நின்றவள்

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் என்னை நம்பப்போவதில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலும் படித்து, இப்போது கியூபெக்கில் லொங்குய் என்ற ஊரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு யார் வந்து பேய், கண்ணூறு, செய்வினை என்று கதை தொடங்கினாலும், "அதுக்கு ஆதாரம் இருக்கோ?" என்று கேட்டு வாயை அடைப்பவள். அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் குளிர்காலம் முடிகிற நேரம் டொக்டர் எனக்கு மூன்று மாத லீவு எழுதித் தந்திருந்தார். நோய், வருத்தம் என்று ஒன்றும் இல்லை, எதுவும் உறைக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். கறியில் உப்பு இல்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். கூட வேலை செய்த ஒருத்தியின் குழந்தை இறந்துவிட்டது என்று சொன்னார்கள், கேட்டுவிட்டு நான் பிரிண்டருக்குத் தாள் போடப் போனேன்.

பக்கத்து மேசை சில்விதான் இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பத்தொன்பது வயது, கியூபெக்காரி, வாய் ஓயாது. மொரோக்கோவின் தெற்கே பாலைவனத்துக்குள் ஒன்பது நாள் சைக்கிள் பயணம், வழிகாட்டியோடு. நான் ஓம் என்றது விருப்பத்தால் அல்ல, மாட்டேன் என்று சொல்ல அலுப்பாக இருந்தது.

"பாலைவனத்துக்குச் சைக்கிள் ஓடப் போற ஆக்களை இப்பதான் பாக்கிறன். கொப்பர் சென்ட் லோரன்டுக்குப் பனிக்குள்ள ஓடினது காணாதெண்டோ?" என்றார் அம்மா. அப்பா அங்கே இருந்த வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தவர்.

நாங்கள் எட்டுப் பேர். வழிகாட்டி ஹசன் உள்ளூர் மனிதர், பிரெஞ்சு பேசுவார். தண்ணீரும் சாப்பாடும் ஒரு வான் வண்டியில் முன்னால் போகும். அந்த வெளியில் பெயர்ப்பலகை கிடையாது, பாதை மட்டும் பிரிந்துகொண்டே போகும். அதனால் ஹசனிடம் ஒரு முறை இருந்தது. சந்தி வந்தால் அவருக்கு அடுத்ததாக ஓடுகிறவர் இறங்கி, போகவேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் அந்தக் கையைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசியாக வருகிறவர் மஞ்சள் வெஸ்ட் போட்டிருப்பார். மஞ்சள் வந்ததும் சந்தியில் நின்றவர் அதற்கு முன்னால் ஏறி ஓடவேண்டும். மஞ்சள் எப்போதும் கடைசி.

"மஞ்சளைக் காணாமல் சந்தியை விட்டு அசையக் கூடாது. பாதை மாறிப் போனவையிட்ட தண்ணி வான் வராது," என்று தினமும் காலையில் சொல்வார்.

ஐந்தாம் நாள் மஞ்சள் வெஸ்ட் சில்வியின் முறை. "இண்டைக்கு நான்தான் விளக்குமாறு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவன். என்னைத் தாண்டி ஒருத்தரும் பின்னால விழ ஏலாது!" என்று அதைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

பதினொரு மணிக்குப் பிறகு ஒரு சந்தியில் என் முறை வந்தது. இடப்பக்கப் பாதை ஒரு மேடு ஏறி மதியச் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போகும். நேர்ப்பாதை வெறும் கல்வெளிக்குள் போகும், அங்கே ஒன்றும் இல்லை. நான் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆறு பேர் கடந்தார்கள், எண்ணினேன். பிறகு நீண்ட நேரம் யாரும் இல்லை. புழுதிக்குள் கடைசியில் மஞ்சள் தெரிந்தது. முகம் முழுக்கச் சால்வை, கறுப்புக் கண்ணாடி. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

"சில்வி, சா வா?" என்று சுகம் கேட்டேன். ஒரு கை உயர்ந்தது. நான் சைக்கிளில் ஏறி முன்னால் போனேன்.

பின்னால் சரளையில் டயர் அரைபடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மேட்டில் எனக்குக் கால் சோர்ந்தபோது இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு உள்ளங்கை வந்து பட்டுத் தள்ளியது. பலமுள்ள ஆட்கள் களைத்தவர்களை ஏற்றத்தில் அப்படித் தள்ளிவிடுவது வழக்கம்தான், ஆனால் சில்வி தள்ளுகிற ஆள் அல்ல, தள்ளிவிடச் சொல்லிக் கத்துகிற ஆள். சரளையில் திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று திரும்பாமலே மெர்சி என்று நன்றி சொன்னேன். நம்பினால் நம்புங்கள், அந்தக் கையில் சூடும் இல்லை குளிரும் இல்லை, ஒரு மேசை விளிம்பு முதுகில் அழுத்தினது போல இருந்தது. மேடு முடியும்வரை அது அகலவில்லை.

கூடாரத்தில் இறங்கினேன். "சில்வி எங்க?" என்று ஹசன் கேட்டார்.

"பின்னால."

திரும்பிப் பார்த்தேன். மேட்டின் உச்சிவரை பாதை தெரிந்தது. அதில் யாருமே இல்லை.

"மஞ்சளைக் கண்டனியோ?"

"ஓம்."

"முகத்தைக் கண்டனியோ?"

பதிலுக்கு நிற்காமல் அவர் வான் வண்டியில் ஏறிவிட்டார்.

மூன்று மணிக்குப் பிறகுதான் அவளைக் கண்டுபிடித்தார்கள். நேர்ப்பாதையில் வெகுதூரம் உள்ளே, சைக்கிளின் நிழலுக்குள் தலையை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்தாள், போத்தல்கள் இரண்டும் காலி. உயிர் தப்பியது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இன்றும் வாரத்துக்கு மூன்று தரம் இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுக்கிறாள்.

அன்று மாலை என் இரு பக்கக் கதிரைகளும் காலியாக இருந்தன. ஹசன் மட்டும் வந்து, வெயில் கண்ணை ஏமாற்றும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். எடுத்த வேலையை இடையில் விட்டவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்லாமல் சொன்னார்கள். அதுவும் உறைக்கவில்லை. போய்ச் சப்பாத்தைக் கழுவினேன். பிறகு ஹாண்டிலில் பூட்டியிருந்த, நேரத்தையும் வேகத்தையும் பதியும் மீட்டரைப் பார்த்தேன். 11:41க்குச் சந்தியை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். மேட்டின் நடுவில் கால் சோர்ந்து வேகம் விழுந்தது 11:58க்கு.

சில்வி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு மஞ்சள் லைன் மெட்ரோ எடுத்து லொங்குய்யில் அவள் வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க. நான் வாய் திறக்கமுதல் அவளே என் கையைப் பிடித்தாள்.

"விடு, பிள்ளை. பிழையான பக்கம் கை காட்டுறது ஆருக்கும் நடக்கும். ஹசனுக்கும் நான் சொல்லேல்லை."

"நான் இடப்பக்கம்தான் காட்டினனான்."

"நேரே காட்டினாய். நீ எனக்கு முன்னால ஏறுவாய் எண்டு பாத்தன், அசையாமல் நிண்டாய். சரி, பின்னால வருவாய் எண்டு போனன்."

"சில்வி, நீ வரேக்க நான் அங்க இல்லை."

அவள் போனை எடுத்துத் தேடி என் பக்கம் நீட்டினாள். "நீ அந்தப் பயணத்தில சிரிச்ச ஒரே நேரம். அதுதான் நிண்டு எடுத்தனான்."

என் சிவப்பு ஹெல்மெட், என் சாம்பல் சேர்ட். சால்வை கழுத்துக்கு இறங்கி, பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நான் நிற்கிறேன். கை நீண்டிருக்கிறது. பக்கத்தில் சைக்கிள் இல்லை. படம் எடுத்த நேரம் 11:58.

அந்தப் படம் என் போனிலும் இருக்கிறது. ஆதாரம் என்று வாங்கினேன், எதற்கு ஆதாரம் என்று இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் அம்மா பார்த்துவிட்டார்.

"அட, எவ்வளவு வடிவாச் சிரிச்சிருக்கிறாய்! இப்பிடி ஒரு படம் உன்னட்ட இல்லையே."

"அது நானில்லை, அம்மா."

"பின்ன ஆர், பக்கத்து வீட்டுக்காரியோ?"

பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு, நடைவழியில் மாட்டிவிட்டார். வருகிற ஆட்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, பிள்ளை நல்லாச் சிரிக்குது என்கிறார்கள். மாட்டியிருக்கிற இடத்தில் படத்தில் நிற்கிறவளின் கை அம்மாவின் அறைக் கதவை நோக்கி நீண்டிருக்கிறது. நான் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் பழைய இடத்தில் இருந்தது. "அங்க வெளிச்சம் காணாது," என்றார் அம்மா. இரண்டாம் முறை இரவில் மாற்றினேன், வேலையால் வந்து பார்த்தால் திரும்பவும் அதே இடம். நீதான் மாற்றினாய் என்று இம்முறை அம்மா சொல்கிறார். "நீதானே விடிய மாட்டினனி, நான் கண்டனான். என்னைப் பாத்துச் சிரிச்சனி."

நான் விடிய ஆறு மணிக்கே மெட்ரோவில் இருந்தேன், அதை அம்மாவிடம் சொன்னேன்.

அதன் பிறகு அம்மாவைத் தனியே விடுவதில்லை. பால் வாங்கத் தெருமூலைக் கடைக்கு, தெபனேருக்குப் போனாலும் இரண்டு அடி பின்னால் போகிறேன். "ஏன் பின்னாலயே வாறாய்? பக்கத்தில வாவன்," என்று திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்.

பார்த்துவிட்டு, என் முகத்தை உற்றுப் பார்த்து நான்தான் என்று உறுதியான பிறகுதான் நடக்கிறார்.