பொன்னுரங்கத்தின் இரட்டைப்பல் ஸ்பேனர்

கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு நடந்தே வந்தவன் நான். படிப்பு மூன்றாவது வரைக்கும்தான். ஒரு பம்பும் ஒரு டப்பா சொல்யூஷனும் வைத்துக்கொண்டு சாலையோரம் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்து, தகரக் கொட்டகை போட்டு, பன்னிரண்டு சைக்கிள் வாடகைக்கு விட்டு, சக்கரக் கோணல் எடுக்கிற ஸ்டாண்டை ஒரு பழைய கட்டில் காலில் நானே செய்து, அப்புறம் மாடி வீடும் கட்டினேன். ஒருவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், பேய் பிசாசு என்று பொழுதைக் கழிக்கிற கூட்டத்தில் நான் சேர்ந்தவன் இல்லை. செத்தவன் வந்தான் என்று எவனாவது சொன்னால், பஸ்ஸில் வந்தானா நடந்து வந்தானா என்று கேட்கிற ஆள். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன பழைய ரகச் சைக்கிள்கள் ஏழெட்டு அப்போதும் ஊரில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ரகத்தில் பெடல் அச்சு உட்காருகிற இரும்புக் கிண்ணத்தில் ஸ்பேனர் பிடிக்க விளிம்பே இருக்காது, இரண்டு சின்னத் துளைகள்தான். அதில் பொருந்த இரண்டு பல் வைத்த தனி ஸ்பேனர் வேண்டும். கம்பெனி அந்தச் சைக்கிளை நிறுத்தியபோது ஸ்பேனரையும் நிறுத்திவிட்டது. மைசூரில் அது ஒருவனிடம்தான் இருந்தது. என் எதிர்க்கடை பொன்னுரங்கம்.

ஒரு தடவை இரவல் கேட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அப்படி ஒரு கிண்ணத்தை நான் உளி வைத்து அடித்து, சைக்கிள் சட்டம் விரிசல் விட்டிருந்தது. கடை நிறைய ஆள் நிற்கும்போது பொன்னுரங்கம் சொன்னான்: "மாதையனுக்கு எதுக்குய்யா ஸ்பேனரு? அவன் சுத்தியல வச்சே பிரசவம் பாப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வருஷம் நாங்கள் பேசவில்லை.

அப்புறம் ஆடி மாதம் அவன் நெஞ்சு வலியில் போய்விட்டான். அவன் சம்சாரத்திடம் சொல்லி, அவரை நிற்க வைத்தே கடை முழுக்கத் தேடினேன். ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் சுண்ணாம்பால் உருவம் வரைந்து ஆணி அடித்து வைத்திருந்தான். மற்றதெல்லாம் இருந்தது, இரட்டைப்பல் ஆணி காலி. பெங்களூரில் பழைய இரும்புச் சந்தெல்லாம் அலைந்தேன். மதராஸுக்கு ஆளை வைத்துக் கடிதம் எழுதினேன், நின்றுபோன சரக்கு என்று பதில் வந்தது. கொல்லனிடம் ஒன்று அடித்து வாங்கினேன், முதல் திருகிலேயே பல் மடங்கிவிட்டது.

அந்த வருஷ ஆயுத பூஜை. என் கருவிகளை எல்லாம் பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. மறுநாள் காலை வரை ஒன்றையும் தொடக்கூடாது. நல்ல மத்தியான வெயில். எஸ்தர் சிஸ்டர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரசவம் பார்க்கிற நர்ஸ், நம் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். இரண்டு வருஷம் கோலார் பக்கம் வேலை பார்த்துவிட்டு அந்த வாரம்தான் ஊர் திரும்பியிருந்தார். அச்சுக் கிண்ணம் கழன்று உள்ளே இருந்த பேரிங் குண்டுகள் கொட்டிப் போயிருந்தன.

"பேக, சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க அண்ணா. ஏழு மைல் போகணும், தலைச்சன் பிரசவம், நேத்திலேருந்து வலி. ஜட்காக்காரங்க எல்லாரும் குதிரைக்கு மாலை போட்டுட்டு உக்காந்திருக்காங்க."

"இன்னிக்குக் கருவி எடுக்கறதில்லீங்க சிஸ்டர்."

"இன்னிக்கு ஆயுத பூஜைன்னு அந்தக் கொழந்தைக்கு யார் சொல்றது?"

எடுத்தாலும் அந்த ஸ்பேனர் என்னிடம் இல்லை என்றேன்.

"பொன்னுரங்கம் அண்ணா கடை சாத்தியிருந்துச்சு, அதான் இங்க வந்தேன். அவரா இருந்தா முடியாதுன்னே சொல்லமாட்டார். போய்த் தட்டறேன்."

அவன் செத்துவிட்டான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது, தட்டிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாழைக்கன்று கட்டிய ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது சிஸ்டர் திரும்பி வந்துகொண்டிருந்தார். கையில் இரட்டைப்பல் ஸ்பேனர். அதில் சந்தனம், ஈரம் காயாத சந்தனம்.

"யாருங்க குடுத்தது?"

"அவர்தான். ஒரே ஒரு கதவுப் பலகையை நகர்த்திக் கையை நீட்டினார். உள்ள ஒரே இருட்டு. சுத்தியல் இல்லாம பிரசவம் பாக்கச் சொல்லும்மான்னு சிரிச்சார். என்ன அண்ணா அது?"

எதிரே பார்த்தேன். கதவுப் பலகைகள் ஒன்றுவிடாமல் இருந்தன, குறுக்குக் கம்பியில் பூட்டு தொங்கியது.

குறித்துக்கொள்ளுங்கள்: பூஜையிலிருந்து கருவியை எடுத்த பாவத்தை நான்தான் ஏற்றேன். பெடல் தண்டைப் பிடித்திருக்கும் ஆப்பைச் சுத்தியலால் தட்டித்தான் எவனும் கழற்றுவான். நான் அதை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்து அழுத்தி எடுத்தேன். புதுக் குண்டு போட்டு, கிரீஸ் வைத்து, கிண்ணத்தை ஏற்றி முடிக்க அரை மணி. சுத்தியலைத் தொடவே இல்லை. சிஸ்டர் போனார். பொழுது சாயும் முன் ஆண் குழந்தை, தாயும் சேயும் சுகம்.

மறுநாள் காலை அவன் சம்சாரத்திடம் ஸ்பேனரைக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் பூட்டைத் திறந்தார். மூன்று மாதத் தூசி, ஒரு கால் தடம் இல்லை. ஸ்பேனரைப் பார்த்தார், தொடவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குக் குடுக்கணும்னு இருந்திருந்தா உசுரோட இருக்கும்போதே குடுத்திருப்பார். அந்தப் பொண்ணுக்குத்தான் குடுத்திருக்கார்."

அவன் செத்துப்போனதை ஊரார் சொல்லித் தெரிந்துகொண்ட பிறகு, சிஸ்டர் போன இடமெல்லாம் இதைச் சொன்னார். பொன்னுரங்கம் அண்ணா செத்தும் வந்து உதவினார் என்று. அந்தக் குழந்தைக்குப் பொன்னுரங்கம் என்றே பெயர் வைத்தார்கள். இப்போது அந்தச் சைக்கிளைச் சர்ச் ஹாலில் நிறுத்தி, கீழே பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் பெயர், பொன்னுரங்கம் பெயர். பழுது பார்த்தவன் பெயர் இல்லை.

ஸ்பேனர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கருவிகளை நானே கழுவி அடுக்குகிறேன். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால், அந்த ஒன்றில் மட்டும் பொட்டு ஏற்கனவே இருக்கும். ஈரமாக. ஒவ்வொரு வருஷமும் அதைத் துடைத்துவிட்டு என் கையால் வைக்கிறேன்.

போன வாரம் அந்தப் பலகையைப் போய் அளந்து பார்த்தேன். அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. கருவி அவனுடையது, ஒப்புக்கொள்கிறேன். வேலை கொள்ளேகால் மாதையனுடையது. அதையும் எழுதச் சொல்லுங்கள், நான் இருக்கும்போதே.